அமுச்சியின் பெயர் என்ன?



மழைக்காலத்து இரவு ஒன்றில், மணி பத்தைக் கடந்திருக்கும் வேளையில், பங்கு இல்லத்தின் கதவு தட்டப்பட்டது. திறந்தால், பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை செய்யும் ஓர் இளம்பெண் தன் தம்பியுடன் நின்றிருந்தாள். இருவரும் நனைந்திருந்தனர்.

"சாமி, எங்க அமுச்சி தவறிட்டாங்க" என்றாள்.

அந்த மூதாட்டியை நான் நன்கு அறிவேன். மகள் இளவயதிலேயே இறந்துவிட, மருமகனும் சில ஆண்டுகளில் கண்மூடிவிட, பேரப்பிள்ளைகள் இருவரையும் தாமே வளர்த்து ஆளாக்கியவர். தறிகளுக்குத் தார் சுற்றிச் சுற்றியே அவர் விரல்கள் வளைந்திருந்தன. ஞாயிறு காலைத் திருப்பலிக்கு வந்து இடப்பக்கத் தூணின் அருகே தரையில் அமர்வார். அவரை நானும் 'அமுச்சி' என்றே அழைத்து வந்தேன். அந்தத் தெரு முழுவதும் அப்படித்தான் அழைத்தது.

ஆறுதல் கூறினேன். மறுநாள் மாலை அடக்கம் என முடிவாயிற்று. இறந்தோர் பதிவேட்டிற்காகக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, "அமுச்சியின் பெயர் என்னம்மா?" என்று கேட்டேன்.

அப்பெண் தம்பியைப் பார்த்தாள். தம்பி அக்காளைப் பார்த்தான். சற்றுநேரம் மழையின் ஓசையன்றி வேறோசை இல்லை.

"அமுச்சிதாங்க சாமி" என்றாள் தாழ்ந்த குரலில். பின் விம்மி அழலானாள். இறந்த செய்தியைச் சொன்னபோது அழாத பெண், பெயர் தெரியவில்லை என்று உணர்ந்தபோது அழுதாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிள்ளைகளைக் குறைகூற மனம் ஒப்பவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அறிந்த ஒருவரின் பெயரை நானும் கேட்டு வைத்துக்கொண்டேன் இல்லையே! அந்தச் சொல்லைப்பற்றியே எண்ணமிட்டுக் கிடந்தேன். அதன் பயனாகச் சில சிந்தனைகளை இத்திங்கள் உங்கள்முன் வைக்கிறேன்.

நம் கொங்கு நாட்டில் தாயைப் பெற்றவளை 'அமுச்சி' அல்லது 'அம்முச்சி' என்கிறோம். அவள் கணவர் 'அப்புச்சி'. தந்தையைப் பெற்றவள் 'ஆத்தா' அல்லது 'அப்பத்தா'. அவள் கணவர் 'அப்பாரு'. சொல்லைக் கேட்ட அளவிலேயே எந்த வழி உறவு என்பது விளங்கிவிடும். தஞ்சை, திருச்சிப் பக்கத்தார் தந்தை வழியில் 'அப்பாயி' என்றும், தாய் வழியில் 'அம்மாயி' என்றும் அழைப்பர். மதுரைப் பக்கம் 'அம்மாச்சி' உண்டு. நெல்லைச் சீமையில் 'ஆச்சி' என்றால் பாட்டி. செட்டிநாட்டிலோ அதே 'ஆச்சி' மணமான பெண்களுக்குரிய மதிப்புச் சொல். ஈழத் தமிழர் 'அம்மம்மா', 'அப்பம்மா' என்று பிரித்தே வழங்குவர். தெலுங்கு பேசும் நம் அண்டை வீடுகளில் 'அவ்வா' என்பதையும், முஸ்லிம் குடும்பங்களில் 'நன்னி' என்பதையும் கேட்டிருப்பீர்கள்.

பல்லடத்தில் வாழும் நாம் இச்சொற்களுள் பலவற்றை ஒரே தெருவில் கேட்கும் பேறு பெற்றவர்கள். தேனியிலிருந்தும், திண்டுக்கல்லிலிருந்தும், தஞ்சையிலிருந்தும் தறிக்கும் பனியன் வேலைக்கும் வந்து குடியேறிய குடும்பங்கள் தத்தம் பாட்டியரோடு பாட்டிக்குரிய சொல்லையும் கொண்டுவந்தன. இப்போது வடபுலத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். திருப்பலிக்கு வரும் ஒடிசா இளைஞன் ஒருவன், தாயைப் பெற்றவளைத் தன் மொழியில் எப்படி அழைப்பார்கள் என்று சொல்லிக் காட்டினான். 'ஆயி' என்பதுபோல் என் காதில் விழுந்தது. அருகில் நின்ற தஞ்சாவூர் அம்மையார், "எங்க அம்மாயி மாதிரியே இருக்கே!" என்று அவன் தலையைத் தடவினார். வேற்று மொழிக்காரன் ஒரு நொடியில் பேரனாகிவிட்டான்.

இனி, இச்சொற்களின் பிறப்பைச் சற்று ஆராய்வோம். சங்க நூல்களில் 'என் தாய்' என்பதற்கு 'யாய்' என்றும், 'உன் தாய்' என்பதற்கு 'ஞாய்' என்றும் தனித்தனிச் சொற்கள் உண்டு. 'தாய்' என்னும் சொல்லோ தொடக்கத்தில் 'அவன் தாய், அவள் தாய்' என்ற பொருளை உடையது. மூன்றிலும் பொதுவாய் நிற்கும் 'ஆய்' என்னும் ஒலியே தாய்மையைச் சுட்டுகிறது. 'அம்மாயி'யிலும், 'அப்பாயி'யிலும், வட மாவட்டங்களில் பாட்டியைக் குறிக்கும் 'ஆயா'விலும் இருப்பது இந்த 'ஆய்' அன்றோ? படிப்பில்லாதவர் பேச்சு என்று நாம் ஒதுக்குகிற சொல்லில் இரண்டாயிரம் ஆண்டுத் தமிழ் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். காரணம் உண்டு.

வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியமர்ந்த குடும்பம் ஒன்று. மகன் தறிகளைப் பழுது பார்ப்பவர். அவருடைய தாயார் ஒருநாள் திருப்பலி முடிந்தபின் வேப்பமரத்தடியில் காத்திருந்தார். "சாமி, என் பேரன் இப்பல்லாம் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடறதில்ல" என்றார். விசாரித்ததில் செய்தி வெளிவந்தது. பையன் படிக்கும் ஆங்கிலப் பள்ளி ஒன்றின் வாயிலில், அவரை அவன் 'ஆயா' என்று அழைக்க, உடன் நின்ற பிள்ளைகள், "உங்கள் வீட்டு வேலைக்காரம்மாவா?" என்று கேட்டிருக்கிறார்கள். பையன் நாணிப்போனான். தாயோ, "இனி 'பாட்டி' என்று மரியாதையாகச் சொல்" என்று திருத்தினாள். புதிய சொல் நாவில் வரவில்லை. பழைய சொல்லைச் சொல்ல வெட்கம். ஆகவே அவன் எதுவும் சொல்வதில்லை. எட்டு வயதுப் பிள்ளையின் அந்த மௌனம் கிழவியின் நெஞ்சில் கல்லாய் இறங்கியிருந்தது.

அப்பிள்ளைகள் மீதும் முழுக்குற்றம் இல்லை. பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரியும் பெண்களை 'ஆயா' என்கிறோம். இது போர்த்துகீசிய மொழியில் செவிலியைக் குறிக்கும் 'ஆயா' என்னும் சொல் ஆங்கிலேயர் வீடுகளின் வழியாக நாடெங்கும் பரவியது. நம் பாட்டியாகிய 'ஆயா'வோ தமிழ் 'ஆய்' வழி வந்தவள். கடல் கடந்து வந்த சொல்லும் மண்ணில் முளைத்த சொல்லும் ஒலியில் ஒன்றுபட்டதால் வந்த குழப்பம் இது. அதிலும், பிள்ளைகளைப் பேணும் பணிப்பெண்ணைப்போல் தோன்றுவது இழிவு என்று அவர்களுக்குக் கற்றுத் தந்தவர்கள் யார்? பெரியவர்களாகிய நாம்தானே!

அடுத்து, 'பாட்டி' என்பதே மரியாதையான சொல் என்கிறோமே, அதன் கதையையும் கேளுங்கள். தொல்காப்பியத்தின் மரபியலில், விலங்குகளின் பெண்பாற் பெயர்களை வகுத்துரைக்கும் இடத்தில், 'பாட்டி' என்பது பன்றிக்கும் நாய்க்கும் நரிக்கும் உரிய பெயராகக் கூறப்படுகிறது! பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சியில் பாணர் குலத்துப் பெண்களைப் 'பாட்டியர்' என்று சொல்லக் காண்கிறோம். பின்னரே அது மூதாட்டிக்கு உரியதாகி, இன்று மதிப்புடன் நிற்கிறது. ஆகவே ஒரு சொல் தன்னளவில் உயர்ந்ததும் அன்று, தாழ்ந்ததும் அன்று. யார் யாரை எத்தகைய அன்புடன் அழைத்தார்கள் என்பதே சொல்லுக்கு மாண்பைத் தருகிறது.

இந்த வழக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. இவ்விடத்தில் திருநூலைச் சற்றே திறப்போம்.

புதிய ஏற்பாடு முழுவதிலும் 'பாட்டி' என்னும் சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அது திமொத்தேயுவுக்கு எழுதப்பெற்ற இரண்டாம் திருமுகத்தின் முதல் அதிகாரம், ஐந்தாம் வசனம். திமொத்தேயுவிடம் உள்ள விசுவாசம் முதலில் அவன் பாட்டி லோயியிடமும், பின்னர் தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்தது என்று அங்கே நினைவூட்டப்படுகிறது. பாட்டி என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'மம்மே' என்பது.

'மம்மே' என்பது ஏட்டுச் சொல்லன்று, குழந்தையின் வாய்ச்சொல். தாயை மழலையில் அழைக்கும் சொல்லாய் இருந்து, பாட்டியைக் குறிக்கும் வீட்டுச் சொல்லாய் வளர்ந்தது. பழைய ஏதென்சு நகரத்தார் பாட்டியைச் சொல்லிய சீரிய சொல் 'தேத்தே' என்பது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரூனிக்குஸ் என்னும் இலக்கண ஆசிரியர், பாட்டியை 'மம்மே' என்பது கல்லாதவர் வழக்கு என்றே கடிந்து எழுதியிருக்கிறார். ஒரு பையனைத் திருத்திய நம் ஊர்த் தாயைப் போன்ற கவலை அவருக்கும் இருந்தது போலும்! ஆயினும் திருநூலில் இடம் பெற்றது இலக்கண ஆசிரியர் போற்றிய 'தேத்தே' அன்று. அவர் கடிந்த 'மம்மே'தான். அத்திருமுகத்தை எழுதியவர் பவுலாயினும், அவர் வழிநின்ற சீடராயினும், விசுவாசத்தின் வரலாற்றை எழுதும்போது வீட்டின் சொல்லுக்கு வெட்கப்படவில்லை.

இலத்தீனில் பெயர்த்தவர்கள் 'அவியா' என்னும் முறையான சொல்லை இட்டனர். சுரியானி மொழியின் பழைய பெயர்ப்போ, 'உன் தாயின் தாய்' என்று உறவைப் பிரித்தே உரைக்கிறது. திமொத்தேயுவின் தந்தை கிரேக்கர் என்றும், தாய் விசுவாசம் கொண்ட யூதப் பெண் என்றும் திருத்தூதர் பணிகள் நூல் கூறுவதால், லோயி தாய்வழிப் பாட்டி என்று கொள்வதே பொருத்தம். அவ்வாறாயின், நம் கொங்குத் தமிழில் அந்த வசனத்தைச் சொல்ல வேண்டுமானால், லோயி திமொத்தேயுவின் 'அமுச்சி'! ஆம், அந்த ஆயரை வளர்த்தெடுத்த விசுவாசம் ஓர் அமுச்சியிடமிருந்து தொடங்கிற்று.

உலகெங்கும் இவ்வகைச் சொற்களில் 'ம', 'ப', 'ந' போன்ற ஒலிகள் மிகுந்திருப்பதற்கு மொழிநூலார் காரணம் கூறுவர். பால் குடிக்கும் பருவத்திலேயே குழந்தைக்கு எளிதில் கைவரும் ஒலிகள் இவை. 1960-ஆம் ஆண்டில் ரோமன் யாக்கப்சன் என்னும் அறிஞர் இதுபற்றி எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. குழந்தை பிதற்றுகிறது, அருகில் நிற்பவள் அதைத் தன் பெயராக ஏற்றுக்கொள்கிறாள். எத்துணை அழகிய ஏற்பாடு! இத்தாலியர் பாட்டியை 'நோன்னா' என்பர். பிற்கால இலத்தீனில் அது வயதில் மூத்த பெண்மணிக்கும், துறவறப் பெண்ணுக்கும் வழங்கிய மதிப்புச் சொல். ஆங்கிலத்தில் கன்னியரைக் குறிக்கும் 'நன்' என்பதும் அதன் வழி வந்ததே. ஒரே சொல் ஒரு கிளையில் மடத்திலும், மறு கிளையில் அடுப்படியிலும் போய் அமர்ந்தது. இரண்டிடத்திலும் செபமாலை உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இதுவரை சொல்லின் பெருமையைச் சொன்னேன். ஆனால் மழையில் நனைந்து நின்ற அப்பெண்ணின் அழுகைக்கு இது முழு விடையாகாதே! அவள் சொல்லை மறக்கவில்லை, பெயரையன்றோ அறியாதிருந்தாள்.

மீண்டும் திருமுகத்தைப் பாருங்கள். 'மம்மே' என்று மட்டும் எழுதியிருந்தால் திமொத்தேயுவுக்கு விளங்கியிருக்கும். ஆயினும் உடனே 'லோயி' என்று பெயரும் எழுதப்பட்டது. உறவுச் சொல்லும் உரிய பெயரும் அருகருகே நிற்கின்றன. அந்த ஒரு பெயரால்தான் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் பல்லடத்தில் இருக்கும் நாம் அவரை நினைக்கிறோம். உறவுச் சொல், அவர் நமக்கு யார் என்பதைச் சொல்லும். பெயரோ, நாம் பிறப்பதற்கு முன்பும் அவர் ஒருவராய் இருந்தார் என்பதைச் சொல்லும். அவர் சிறுமியாய் ஓடியாடினார்; திருமுழுக்குத் தொட்டியருகே ஒரு பெயரால் அழைக்கப்பெற்றார்; அதே பெயரால் மணவாக்குக் கொடுத்தார். அமுச்சி என்பது அவர் வாழ்வின் இறுதிப் பகுதி மட்டுமே. இறைவன் தம் மக்களைப் பெயர் சொல்லி அழைப்பதாக இறைவாக்கினர் எசாயா உரைக்கிறார். அவர் அழைக்கும் பெயரை நாம் அறியாதிருப்பது தகுமா?

"பெரியவர்கள் பெயரைச் சொல்லலாமா, சாமி? அது மரியாதைக் குறைவாயிற்றே" என்பீர்கள். உண்மை. பெரியவர்களைப் பெயரிட்டு அழைப்பது நம் வழக்கமன்று, அழைக்கவும் வேண்டாம். அழைக்காதிருப்பது மரியாதை, அறியாதிருப்பதோ மறதி. முன்னதைப் போற்றுவோம், பின்னதை நீக்குவோம்.

இன்னுமொன்று. திருமுழுக்குப் பதிவேட்டில் குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், திருமுழுக்கு அளித்தவர், இடம், நாள் ஆகியவற்றைக் குறிக்கவேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 877-ஆம் எண்ணில் பணிக்கிறது. பாட்டியின் பெயரை அது கேட்பதில்லை. ஆனால் ஒரு தலைமுறை பின்சென்று தாயின் திருமுழுக்கைத் தேடினால், அங்கே அவளைப் பெற்றவளாகப் பாட்டி எழுதப்பட்டிருப்பாள்.

அவ்வாறே செய்தேன். விடியற்காலையில் அப்பெண் அமுச்சியின் ஆதார் அட்டையை எடுத்து வந்தாள். அதில் இருந்தது வீட்டார் வைத்த செல்லப்பெயர். பிள்ளைகளின் தாய் திருமுழுக்குப் பெற்ற பங்கின் தந்தைக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் பழைய ஏடுகளைப் புரட்டி ஒரு மணி நேரத்தில் மறுமொழி தந்தார். அவருக்கு நான் கடமைப்பட்டவன். மாலையில் கல்லறையருகே அந்த மூதாட்டியைத் திருமுழுக்குப் பெயர் சொல்லி இறைவனிடம் ஒப்படைத்தேன். பெயரைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அந்தத் தெருவில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவரின் பெயரை அன்றுதான் பலர் முதன்முறையாகக் கேட்டனர்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தம் பாட்டியைப் பற்றி அடிக்கடி பேசியவர். 2013-ஆம் ஆண்டு பதவியேற்ற சில நாட்களிலேயே, மார்ச் 24 குருத்து ஞாயிறு மறையுரையில், பிணத்தைப் போர்த்தும் துணிக்குப் பை கிடையாது என்று தம் பாட்டி சொல்வதுண்டு என நினைவுகூர்ந்தார். அப்பாட்டியின் பெயர் ரோசா என்பது இன்று உலகறிந்தது. பேரன் உறவையும் சொன்னார், பெயரையும் சொன்னார். அவரே 2021-ஆம் ஆண்டு முதல், சூலைத் திங்கள் நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தினார். கன்னி மரியாவின் பெற்றோராகிய புனித சுவக்கின், அன்னம்மாள் திருநாளாகிய சூலை 26-ஐ ஒட்டி அந்நாள் அமைகிறது. இயேசுவின் பாட்டியார் பெயரை நற்செய்தி நூல்கள் கூறவில்லை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பழைய நூலின் வழியே அது நமக்கு வந்தது. ஒரு பாட்டியின் பெயர் மறைந்துபோகக் கூடாது என்று அன்றைய கிறிஸ்தவர்களுக்கும் தோன்றியிருக்கிறது.

ஆகவே, அன்பர்களே, இரு வேண்டுகோள்கள்.

முதலாவது, உங்கள் வீட்டுச் சொல்லைக் கைவிடாதீர்கள். அமுச்சியோ, ஆத்தாவோ, அப்பாயியோ, ஆயாவோ எதுவாயினும் பிள்ளைகள் அதையே சொல்லட்டும். பள்ளியில் நகைத்தால், அச்சொல்லின் வயதைச் சொல்லிக் கொடுங்கள். வேலூர்ப் பையனை அழைத்து நான் திமொத்தேயுவின் கதையைச் சொன்னேன். "பவுலே வீட்டுச் சொல்லை எழுதினாரா?" என்று வியந்து கேட்டான். அடுத்த ஞாயிறு வேப்பமரத்தடியில், "ஆயா, செருப்பைப் போடு, போலாம்" என்று அவன் உரக்கச் சொன்னது எனக்குக் கேட்டது. அவன் ஆயாவுக்குக் கேட்டது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இரண்டாவது, இன்றிரவு உணவுக்குப்பின் பிள்ளைகளை அருகே அமர்த்தி, ஒரு தாளில் இரு பாட்டியரின் திருமுழுக்குப் பெயர், பிறந்த ஊர், அவர்களைப் பெற்ற தாயின் பெயர் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். பாட்டி உயிரோடிருந்தால் அவர் வாயாலேயே கேட்டெழுதட்டும். அத்தாளைக் குடும்பத் திருநூலின் முதற்பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அந்த அமுச்சியின் பெயரை இங்கு நான் எழுதவில்லை. அது அவர் குடும்பத்தாருக்கு உரியது. நம் கல்லறைத் தோட்டத்தில், சுற்றுச்சுவரை ஒட்டிய வரிசையில், சிறிய கல் ஒன்று இருக்கிறது. பேரப்பிள்ளைகள் தங்கள் தீபாவளிப் போனசில் எடுத்து வைத்தது. அதில் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதன்கீழ், சிறிய எழுத்தில், 'எங்கள் அமுச்சி' என்று இருக்கிறது. நவம்பர்த் திங்கள் கல்லறைக்கு வரும்போது நின்று படியுங்கள்.

ஆண்டவரில் உங்கள்,
பங்குத்தந்தை